பிரிபொசிஷனை வாசற்காவலுக்கு நிறுத்தாதீர்கள்

பிரிபொசிஷன் தப்பினால் ஆங்கிலமே தப்பு என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரோடிக் கிடக்கிறது. சங்கரன்கோவிலில் ஒரு பிளஸ் டூ மாணவி ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசினால், அவள் என்ன சொன்னாள் என்று யாரும் கவனிப்பதில்லை. 'இன்' வரவேண்டிய இடத்தில் 'அட்' வந்துவிட்டதா என்றே கவனிக்கிறார்கள். ஆசிரியர் அதைப் பார்க்கிறார், டியூஷன் எடுப்பவர் பார்க்கிறார், வேலைக்கு ஆள் எடுப்பவர் பார்க்கிறார். வெளியூரில் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்த சொந்தக்காரப் பையனும் அதையே பார்க்கிறான். 'டிஸ்கஸ் அபவுட்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், இவருக்கு ஆங்கிலம் வராது என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு மொழியைப் பற்றியும் தவறு, பிள்ளைகளைப் பற்றியும் தவறு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். 'ஆஃப்', 'டு', 'இன்' ஆகியவை ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் முதல் பத்துச் சொற்களுள் அடங்கும். அவை இல்லாமல் ஒரு பத்திகூட எழுத முடியாது. அவை மாறினால் பொருள் மாறும். பொருள் மாறினால் வியாபாரம் கெடும், ஒப்பந்தம் சிக்கலாகும், மருந்து தவறிப்போகும். தேர்வில் இவற்றுக்கு மதிப்பெண் உண்டு. நேர்காணலில் முதல் நிமிடத்திலேயே இந்தப் பிழைகள் காதில் விழும். தொடக்கத்தில் படிந்த பிழை கடைசிவரை போகாது. தமிழில் யோசிப்பதே பிழைக்குக் காரணம் என்பதால் தமிழை ஒதுக்கிவைத்து, பட்டியலை மனப்பாடம் செய்து, சரியாக வந்த பிறகே பேசத் தொடங்க வேண்டும். இப்படிச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்ற கவலையில் சொல்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. அந்தக் கவலையிலிருந்து அவர்கள் எட்டும் முடிவுகளைத்தான் ஒவ்வொன்றாக மறுக்கிறேன்.

1. எல்லா பிரிபொசிஷனும் ஒரே எடை கொண்டவை என்று யார் சொன்னது? இந்தக் கருத்தின் அடித்தளமே இங்கேதான் ஆட்டம் காண்கிறது. ஆங்கிலத்தில் பிரிபொசிஷன் இரண்டு விதமான வேலைகளைச் செய்கிறது. ஒன்று, பொருளைச் சுமப்பது. சரக்கு 15ஆம் தேதிக்குள் வேண்டும் என்பதற்கு 'பை' வரும். 15ஆம் தேதிவரை கடை திறந்திருக்கும் என்பதற்கு 'அன்டில்' வரும். இரண்டையும் மாற்றிப் போட்டால் பணம் போகும். மற்றொன்று, வழக்கத்தால் ஒட்டிக்கொண்டு நிற்பது. காலையில் என்பதற்கு 'இன்', இரவில் என்பதற்கு 'அட்', திங்கட்கிழமை என்பதற்கு 'ஆன்'. காரில் போனால் 'இன்', பஸ்ஸில் போனால் 'ஆன்'. இங்கே ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்தாலும் கேட்பவர் எதையும் இழப்பதில்லை. 'அட் மார்னிங்' என்று சொன்ன பெண் காலை நேரத்தைத்தான் சொன்னாள் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. முதல் வகைப் பிழை செய்தியைக் கெடுக்கிறது. இரண்டாம் வகைப் பிழை செய்தியைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் ஒரே சிவப்பு மையில் ஒரே சுழி போடுபவர் மொழியின் எந்தப் பகுதி பொருளைத் தாங்குகிறது என்று பார்க்கத் தவறுகிறார்.

2. தமிழ்தான் பிழைக்குக் காரணம் என்கிறார்களே, உண்மையில் தமிழ் என்ன செய்கிறது? பொருளைச் சுமக்கும் பிரிபொசிஷன்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பம் பள்ளிகளில் ஓயாத தலைவலி. 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதாத வகுப்பே இல்லை. ஆனால் "ரெண்டு வருஷமா படிக்கிறேன்" என்பதற்கும் "2023லேர்ந்து படிக்கிறேன்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்ப் பிள்ளை எவரும் தவறவிடுவதில்லை. '-ஆக' என்று முடிந்தால் 'ஃபார்', '-இலிருந்து' என்று முடிந்தால் 'சின்ஸ்'. தமிழைச் சாட்சிக்கு அழைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற பாடம் இது. தமிழைத் துரத்தியதால் பத்து ஆண்டுகளாக முடியாமல் இழுக்கிறது.

இன்னும் பாருங்கள். 'திங்கட்கிழமைக்குள்' என்றால் 'பை', 'திங்கட்கிழமை வரை' என்றால் 'அன்டில்'. 'பெட்டிக்குள்' என்றால் 'இன்', 'பெட்டிமேல்' என்றால் 'ஆன்'. சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் வழியாக மதுரைக்குப் போகும் பஸ்ஸைச் சொல்ல ஆங்கிலத்துக்கு மூன்று பிரிபொசிஷன் வேண்டும். தமிழில் '-இலிருந்து', 'வழியாக', '-க்கு' என்று மூன்றும் தயாராக நிற்கின்றன. கூலி 20 ரூபாய் கூடியதா, 20 ரூபாயாகக் கூடியதா என்பது ஆங்கிலத்தில் 'பை', 'டு' என்ற வேறுபாடு. கூலி உயர்வுக்காகப் பேச்சுவார்த்தையில் உட்காரும் விசைத்தறித் தொழிலாளிக்கு இந்த வேறுபாட்டை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இது தற்செயலாக அமைந்த பொருத்தமும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொல்லின் கடைசியில் வேற்றுமை உருபுகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து உதிர்ந்தபோது, அந்த வேலையின் பெரும்பகுதியைப் பிரிபொசிஷன்கள் ஏற்றுக்கொண்டன. நம் உருபுகளும் சொல்லுருபுகளும் சொல்லுக்குப் பின்னால் நின்று செய்யும் வேலையை அவை முன்னால் நின்று செய்கின்றன. வேற்றுமையை முறையாகப் படித்த தமிழ் மாணவருக்குப் பிரிபொசிஷன் என்ற கருத்தே புதிதாக இருக்கக் கூடாது. அவருக்குப் புதிதாகத் தெரிகிறது என்றால், தமிழ் வகுப்பையும் ஆங்கில வகுப்பையும் சுவர் வைத்துப் பிரித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

3. மீதியுள்ள வழக்கத்தால் வந்த பிரிபொசிஷன்களுக்காவது உறுதியான விதி உண்டா? இல்லை. வாரக் கடைசியைச் சொல்ல லண்டன்காரர் 'அட்' போடுகிறார், அமெரிக்கர் 'ஆன்' போடுகிறார். படிவத்தை நிரப்புவதற்கு ஒருவர் 'ஃபில் இன்' என்பார், மற்றவர் 'ஃபில் அவுட்' என்பார். இங்கிலாந்தில் தெருவுக்கு 'இன்', அமெரிக்காவில் தெருவுக்கு 'ஆன்'. 'டிஃபரன்ட்' என்ற சொல்லுக்குப் பின் 'ஃப்ரம்', 'டு', 'தேன்' மூன்றும் இடத்துக்கு இடம் புழங்குகின்றன. இவர்களில் ஒருவரையும் நாம் ஆங்கிலம் தெரியாதவர் என்று சொல்வதில்லை. அவர்களுக்குக் கொடுக்கும் சலுகையை நம் பிள்ளைக்கு மறுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

விதிகள் எப்படிப் பிறந்தன என்பதையும் பார்க்க வேண்டும். வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று பல தலைமுறைகளாகக் கற்பித்தார்கள். 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், நாடகாசிரியர் பென் ஜான்சன் அப்படி எழுதியதைக் குற்றமாகச் சுட்டினார். பிறகு தம் பழைய கட்டுரையில் தாமே அப்படி முடித்திருந்த வாக்கியங்களைத் தேடித் திருத்தினார். அதுவரை மக்கள் இயல்பாகப் பேசிவந்ததை ஓர் எழுத்தாளரின் விருப்பம் குற்றமாக்கியது. 1926இல் வெளிவந்த ஃபவுலரின் புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதி இந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே ஒதுக்கியது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளின் வாக்கியங்களைத் திருத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பெரிதாகக் குற்றம் சாட்டப்படும் 'டிஸ்கஸ் அபவுட்' பிழையையே எடுத்துக்கொள்வோம். 'டாக் அபவுட்' சரி, 'ஸ்பீக் அபவுட்' சரி, 'திங்க் அபவுட்' சரி. அதே சொல் பெயர்ச்சொல்லாகி 'டிஸ்கஷன்' ஆகும்போது 'அபவுட்' வந்தாலும் சரி. வினைச்சொல்லில் மட்டும் கூடாது. இத்தனை சான்றுகளையும் பார்த்து, இங்கும் 'அபவுட்' வரும் என்று முடிவுசெய்த மாணவர் ஒழுங்காகச் சிந்தித்திருக்கிறார். ஒழுங்கு தவறியது மொழியின் வழக்கத்தில். அந்த வழக்கத்தை அவர் கற்கத்தான் வேண்டும். அதற்காக அவரை மூளையற்றவர்போல நடத்தக் கூடாது.

நம் இலக்கண மரபு இதில் நம்மைவிடப் பெருந்தன்மையோடு இருந்திருக்கிறது. தொல்காப்பியம் எட்டு வேற்றுமைகளை வகுத்ததோடு நிற்காமல், வேற்றுமை மயங்கியல் என்று ஒரு தனி இயலையே வைத்தது. ஓர் உருபின் இடத்தில் இன்னோர் உருபு வந்து மயங்குவதை மொழியின் இயல்பாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. உருபே மறைந்து நிற்பதை வேற்றுமைத் தொகை என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. பொருள் விளங்குகிறதா என்பதே அந்த இலக்கணிகளின் முதற் கேள்வி. அந்த மரபில் வந்த நாம், இன்னொரு மொழியின் உருபுகளுக்கு வந்ததும் பொருளை மறந்து உருபை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

4. கோடிட்ட இடத்தை நிரப்புவது எதை அளக்கிறது? 'ஹீ வாக்டு ___ த ரூம்' என்று ஒரு கேள்வி கொடுத்துப் பாருங்கள். 'இன்டு' போட்டால் உள்ளே நுழைந்தான். 'அக்ராஸ்' போட்டால் குறுக்கே நடந்தான். 'அரவுண்ட்' போட்டால் சுற்றி நடந்தான். 'அவுட் ஆஃப்' போட்டால் வெளியேறினான். அத்தனையும் பிழையற்ற ஆங்கிலம். விடைக்குறிப்பில் இருப்பதோ ஒன்றுதான். சூழல் இல்லாத தனி வாக்கியத்தில் எது சரி என்று சொல்லவே முடியாது என்னும்போது, மாணவர் சொல்ல வேண்டியது கேள்வி தயாரித்தவரின் மனதில் இருந்த சொல்லை. இது ஊகத்துக்கான பரிசு. இதில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் வங்கிக் கிளைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதத் திணறுவதில் வியப்பில்லை. அவர்கள் கடிதம் எழுதப் பழக்கப்படவில்லை, கோடுகளை நிரப்பவே பழக்கப்பட்டார்கள்.

5. முதலில் சரியாக வராவிட்டால் பிழை நிலைத்துவிடும் என்பது உண்மையா? எதிர்த்தரப்பின் வாதங்களில் இதுவே அதிக அச்சமூட்டுவது, அதனால் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். பிழைகள் சிலரிடம் நிலைத்துவிடுவது உண்மைதான். ஆனால் வாயை மூடிவைப்பது அதற்கு மருந்தாகாது. 1967இலேயே பிட் கார்டர் என்ற மொழியியலாளர், மாணவரின் பிழை அவர் தமக்குள் ஒரு விதியை அமைத்து அதைச் சோதித்துப் பார்ப்பதற்கான சான்று என்று விளக்கினார். சோதிக்காமல் எந்த விதியும் திருந்தாது. பேசாத பிள்ளைக்குப் பிழை திருந்தும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை எப்படிக் கற்கிறது? அமெரிக்க உளவியலாளர் ராஜர் பிரவுன் மூன்று குழந்தைகளின் பேச்சை நெருங்கிப் பின்தொடர்ந்து 1973இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கவனித்த பதினான்கு இலக்கண உறுப்புகளில் 'இன்', 'ஆன்' இரண்டும் குழந்தைக்கு மிக முன்னதாகவே கைவருபவை. அந்தக் குழந்தைகளுக்கு யாரும் பட்டியல் கொடுக்கவில்லை. பெட்டிக்குள் பந்து கிடந்தது, மேசைமேல் தட்டு இருந்தது, பேச வேண்டிய தேவை இருந்தது.

அது தாய்மொழி, நம் வகுப்பறைக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1979 முதல் 1984 வரை, ஆங்கிலக் கற்பித்தல் வல்லுநரான என்.எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு கற்பித்தல் திட்டத்தை நடத்திப் பார்த்தார். வகுப்பில் இலக்கண விதியைப் பாடமாக நடத்தவில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள், வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொன்னார்கள். மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது இலக்கணம் தானாக அமைகிறது என்பது அவருடைய கருத்து. வெளியிலிருந்து வந்து மதிப்பிட்டவர்கள் தங்கள் முடிவுகளை எச்சரிக்கையோடு சொன்னாலும், அவை அந்தத் திட்டத்துக்கு ஆதரவாகவே இருந்தன. இலக்கணத்தைத் தனியே நடத்தாததால் மாணவர்கள் கெட்டுப்போய்விடவில்லை. ரயில் அட்டவணையைப் படித்து வண்டி கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு 'ஃப்ரம்', 'டு', 'அட்', 'பை' அத்தனையும் தேவைப்படும். தேவைப்பட்டுக் கற்றது தங்கும்.

தமிழை ஒதுக்கிவைத்தால் பிழை போகும் என்பதும் நடக்கவில்லை. 2012–13 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. தனியார் ஆங்கில வழிப் பள்ளிகள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே இருக்கின்றன. அங்கே எல்.கே.ஜி.யிலிருந்து படித்து வந்தவர்களும் 'டிஸ்கஸ் அபவுட்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழை விலக்குவதுதான் வழி என்ற வாதம் நம் கண்முன்னாலேயே தோற்றுவிட்டது.

6. உலகம் பிரிபொசிஷனை வைத்துத்தான் நம்மை அளக்கிறதா? பிழையின் விலை மிக அதிகமாக உள்ள ஒரு தொழிலைப் பாருங்கள். வெளிநாட்டுக்கு விமானம் ஓட்டுபவரும், அவருக்கு வழி சொல்லும் தரைக் கட்டுப்பாட்டாளரும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் மொழித் தகுதியைப் பெற வேண்டும். 2008 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆறு படிகளில் நான்காம் படி போதும். அந்தப் படியில் இலக்கணப் பிழைகள் வரலாம், அவை பொருளைக் கெடுப்பது அரிதாக இருக்க வேண்டும் என்பதே அளவுகோல். நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து பறப்பவருக்கு அந்த அளவுகோல் போதும் என்றால், சங்கரன்கோவிலில் கணக்கெழுதும் வேலைக்கு வருபவருக்கு அதைவிடக் கடுமையான அளவுகோல் எதற்கு?

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஐஎல்ட்ஸ் தேர்வின் பேச்சுப் பகுதியில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம மதிப்பு. பிரிபொசிஷன் அந்த நான்கில் ஒன்றுக்குள் ஒரு சிறு பகுதி. ஒன்பதில் ஏழு மதிப்பு வாங்குபவரிடம்கூடச் சில இலக்கணப் பிழைகள் தொடரலாம் என்று அந்தத் தேர்வே ஏற்றுக்கொள்கிறது. நம் மாவட்டத்திலேயே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம், பள்ளிப் படிப்பு முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் தன் பயிற்சிப் பள்ளிகளில் நிரலாக்கத்தோடு ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்பிக்கிறது. உள்ளே வந்த பிறகு ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அது சான்று. நேர்காணலில் பிரிபொசிஷனுக்காக ஒருவரைத் தள்ளுகிறார்கள் என்றால், தள்ளுபவர்தான் தம் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

7. இந்த அளவுகோல் யாரை வெளியே நிறுத்துகிறது? வழக்கத்தால் வந்த பிரிபொசிஷன்கள் விதியால் வருவதில்லை என்று பார்த்தோம். அவை படித்தும் கேட்டும் காதில் ஏறுபவை. வீட்டில் ஆங்கில நாளிதழும் கதைப் புத்தகமும் இருக்கும் பிள்ளைக்கு அவை தெரியாமலே வந்து சேரும். தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கும், விடியற்காலையில் பூச்சந்தைக்குப் போகும் தாயின் மகளுக்கும் அவை வந்து சேர வழியில்லை. ஆக, 'இன் த மார்னிங்', 'அட் நைட்' என்று சரியாகச் சொல்வதை வைத்து ஒரு பிள்ளையின் அறிவை அளப்பவர், உண்மையில் அந்தப் பிள்ளையின் வீட்டை அளக்கிறார். அதற்குத் தகுதி என்று பெயர் வைப்பது அநீதி.

இதன் விளைவு மௌனம். ஆங்கில வகுப்பில் பதில் தெரிந்தும் கை தூக்காத பிள்ளைகள், கல்லூரிக்குப் போய்ப் பேராசிரியரிடம் சந்தேகம் கேட்காதவர்கள், தகுதியிருந்தும் விண்ணப்பமே போடாதவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு சிறு சொல்லுக்குப் பயந்து அவர்கள் முழு மொழியையும் கைவிட்டுவிட்டார்கள். பிழையைத் தடுக்கக் கிளம்பியவர்கள் பேச்சையே தடுத்துவிட்டார்கள்.

சரியாக எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்திலும் மருந்துச் சீட்டிலும் சட்ட அறிவிப்பிலும் எனக்குக் கண்டிப்பு வேண்டும். மூன்று நாளைக்குச் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கும் மூன்று நாள் கழித்துச் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கும் உள்ள வேறுபாட்டில் ஒருவரும் தவறக் கூடாது. அங்கே கண்டிப்பு வேண்டும் என்பதால்தான் எல்லா இடத்திலும் அதை வீணாக்கக் கூடாது என்கிறேன். எல்லாவற்றையும் குற்றமாக்கினால், எது பெரிய குற்றம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை எளியவை. பொருளை மாற்றும் பிரிபொசிஷன்களைத் தமிழ் உருபுகளோடு இணையாக வைத்துக் கற்பியுங்கள். பிள்ளை பேசும்போது பொருளைக் கெடுக்கும் பிழையை மட்டும் திருத்துங்கள், மற்றதை வாசிப்பு திருத்தும். கோடிட்ட இடங்களைக் குறைத்து, ஊரைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் வேலையைப் பற்றியும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு எளிய ஆங்கிலப் புத்தகம் பிள்ளையின் கைக்குப் போகட்டும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் ஒருவருக்குக் கோவிலுக்கு வழி சொல்வது எப்படி என்று வகுப்பில் பேசிப் பழகட்டும். பிரிபொசிஷன் அந்த வழியில் வந்து சேரும், தாமதமாக வந்தாலும் வரும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வேலை கொடுப்பவருக்கும் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளை உங்களிடம் ஆங்கிலத்தில் பேசும்போது, அது சொல்ல வந்தது உங்களுக்குப் புரிந்ததா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். புரிந்திருந்தால் சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள். திருத்தத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.